எல்லாத்தையும் கேள்வி கேளுன்னு சொல்றவங்க, தங்களை மட்டும் ஏன் கேட்டுக்க மாட்டேங்குறாங்க?

இரவுக்காது:

மக்களே வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க, ரெண்டு வாரமா மனசுல கெடந்து உறுத்துது.

நான் 2009ல இருந்து ஆல்டர்நேட்டிவ் மீடியா கேக்குறவன். அப்ப எனக்கு நைட் ஷிப்ட், கால் வராத நேரமெல்லாம் ஹெட்செட்ல அமெரிக்கா, பிரிட்டன் பாட்காஸ்ட்தான், 9/11ங்கற 2001 நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல், கென்னடி கொலை, மனசக் கட்டுப்படுத்த அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ பண்ண எம்கே அல்ட்ரா சோதனை, பெரிய புள்ளிங்க கதவ மூடிட்டுப் பேசுற பில்டர்பெர்க் கூட்டம்னு ஒண்ணு விடல. அதுக்காக இன்னிக்கும் நான் வெக்கப்படல. பேப்பர்ல போட்டுட்டான்னா அது உண்மைன்னு நம்புற வீட்டுல வளந்தவன் நான், யார் சொல்றான் எதுக்கு சொல்றான்னு பாக்கக் கத்துக்குடுத்தது அவங்கதான். இராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு பெரிய பெரிய பேப்பரே எழுதுச்சு, 2003ல போர் முடிஞ்சு தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல, நாங்க இன்னும் கறாரா விசாரிச்சிருக்கணும்னு நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாசம் எழுத வேண்டியதாச்சு. அதனால சந்தேகப்படுறதே தப்புன்னு சொல்ற ஆளு நான் இல்ல.

எனக்கு உறுத்துறது சார்லி வீச் கதை. பழைய கதைதான், ஆனா முழுசா இப்பதான் படிச்சேன். லண்டன்ல பைனான்ஸ் வேலை போனதும் மெகாபோனோட தெருவுல நின்னு பேசி, அத வீடியோவாப் போட்டு பேமஸ் ஆனவர். 9/11 அமெரிக்க அரசே வெடி வெச்சுப் பண்ண வேலைன்னு அடிச்சுப் பேசுவார். 2011ல பிபிசி ஒரு நிகழ்ச்சிக்காக அவரையும் சேத்து அஞ்சு பேர அமெரிக்கா கூட்டிட்டுப் போச்சு, அஞ்சு பேருமே அரசு சொல்ற கணக்க நம்பாதவங்க. கட்டடம் இடிக்கிற நிபுணர் ஒருத்தர்கிட்ட பேசுனாங்க, அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வெடி வெக்கணும்னா சுவர உரிச்சு, தூண அறுத்து, ஒயர் இழுத்து எத்தன நாள் வேலை, உள்ள வேலை செய்யுற ஒருத்தர் கண்ணுலயும் படாம அத எப்படிப் பண்றதுன்னு அவர் கேக்குறார். விமானம் ஓட்டக் கத்துக்குடுக்குற இடத்துக்குப் போனாங்க. அன்னிக்கு மகன பறிகொடுத்த ஒரு அம்மாவப் போய்ப் பாத்தாங்க. கூட வந்தவங்க பழைய நம்பிக்கையோடவே ஊர் திரும்ப, சார்லி மட்டும் ஜூன் மாசம் டைம்ஸ் ஸ்கொயர்ல நடு ஜனத்துக்குள்ள நின்னுக்கிட்டு போன எடுத்து, நான் நினைச்சிட்டு இருந்தது தப்பு, புது ஆதாரம் கெடச்சா நம்ம கூட்டத்துக்குப் பிடிக்கலைன்னாலும் ஏத்துக்கத்தான் வேணும்னு பேசிப் போட்டுட்டார். சில நிமிஷ வீடியோதான்.

அதுக்கப்புறம் நடந்தத படிக்கிறப்ப எனக்கு வயித்தக் கலக்குச்சு. காசு வாங்கிட்டான், உளவுத்துறை ஆளு, ஆரம்பத்துலருந்தே இவன் நம்ம கூட்டத்துக்குள்ள விட்ட ஆளுதான்னு எழுதித் தள்ளியிருக்காங்க. குடும்பத்தையும் விடல, கூடப்பிறந்தவங்க குழந்தைங்கள வெச்சு இங்க எழுத முடியாத அசிங்கமெல்லாம் பண்ணியிருக்காங்க. நீ என்னத்தப் பாத்து மனசு மாறினன்னு கேட்டவன் கம்மி, எவ்வளவு வாங்கினன்னு கேட்டவன்தான் ஜாஸ்தி.

நானும் அந்த வீடியோவ அப்பவே பாத்தேன். முதல் நாப்பது செகண்டுலயே டிஸ்லைக் போட்டுட்டு மூடிட்டேன். ஓப்பன் மைண்டா இருன்னு மத்தவனுக்கு வகுப்பெடுத்துட்டு இருந்தவன் நானு.

அதான் கேக்குறேன், நாம ஓப்பன் மைண்டுன்னு சொல்றது உண்மையில எத? எதிராளி பத்தி எது சொன்னாலும் இருக்கலாம்பான்னு தலையாட்டுறதா? நம்ம பக்கத்து ஆளு தப்பா சொல்லும்போது கண்டுபிடிக்க நீங்க யாராவது ஏதாவது வழி வெச்சிருக்கீங்களா?


பழைய கேசட்:

தம்பி, நாப்பது செகண்ட் விஷயத்த மறைக்காம எழுதினியே, அதுக்கே நன்றி. நான் 31 வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவன். கண்ணு எங்க வழுக்கும்னு எனக்குத் தெரியும். நமக்குப் பிடிக்காதவன் எழுதினதுல ஒரு ஒற்றெழுத்து விட்டுப் போனாக்கூட கண்ணுல குத்தும், நமக்குப் பிடிச்ச எழுத்தாளர் கட்டுரைல ஒரு வரியே விட்டுப் போயிருந்தாலும் மனசு அதுவா நிரப்பிக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். அதனால பிடிச்சவங்க கட்டுரைய நான் கீழேருந்து மேல படிப்பேன்.

இந்த சதி ஆராய்ச்சியாளர்கள்கிட்ட நான் பாக்குற பெரிய ஓட்டை ஒண்ணு சொல்றேன். நிஜமா நடந்த சதியெல்லாம் எப்படி வெளிய வந்துச்சுன்னு அவங்க கவனிக்கிறதே இல்ல. எஃப்.பி.ஐ சொந்த நாட்டு இயக்கங்கள ரகசியமா வேவு பாத்துக் குலைக்க நடத்துன கோயின்டெல்ப்ரோ திட்டத்த எடுத்துக்க. 1971 மார்ச் 8 ராத்திரி, முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதுன குத்துச்சண்டை, ஊரே அதுல மூழ்கிக் கெடக்கு. அந்த நேரம் பாத்து பென்சில்வேனியால மீடியாங்கற சின்ன ஊர்ல, ஊர் பேரே அதுதான், எஃப்.பி.ஐ கிளை ஆபீஸ் பூட்டத் தொறந்து எட்டுப் பேர் கொண்ட குழு உள்ள போய் ஃபைலெல்லாம் சூட்கேஸ்ல அள்ளிட்டு வந்துச்சு. அவங்க யாரு? ஒரு இயற்பியல் பேராசிரியர், ஒரு மதவியல் பேராசிரியர், அவர் மனைவின்னு சாதாரண ஜனங்க. போர் எதிர்ப்பாளர்கள், கறுப்பின மக்கள் இயக்கம் எல்லாத்தையும் எப்படி வேவு பாத்தாங்கன்னு அதுல இருந்துச்சு. அத தபால்ல அனுப்பினாங்க, அரசாங்கம் போடாதேன்னு சொல்லியும் வாஷிங்டன் போஸ்ட் போட்டுச்சு. ஒரு துண்டுச் சீட்டுல மட்டும் கோயின்டெல்ப்ரோன்னு ஒரு வார்த்தை, என்னன்னு யாருக்கும் புரியல. என்பிசி டிவி நிருபர் ஒருத்தர் அந்த ஒரே வார்த்தைய புடிச்சுக்கிட்டு வழக்குப் போட்டு மீதி காகிதத்த வாங்கினார். உள்ள போன எட்டுப் பேர எஃப்.பி.ஐ அஞ்சு வருஷம் தேடியும் பிடிக்க முடியல, அவங்கள்ல பல பேர் 2014லதான் தாங்களா முன்னாடி வந்து பேர் சொன்னாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, காகிதம் இருந்துச்சு, அத யார் வேணாலும் படிச்சுப் பாக்கலாம், போட்டது மெயின்ஸ்ட்ரீம் பேப்பர், தொடர்ந்து போனது மெயின்ஸ்ட்ரீம் டிவி நிருபர். ஆனா இந்தக் கதைய நம்ம சேனல்கள்ல சொல்லும்போது முடிவுல, மெயின்ஸ்ட்ரீம் ஒருநாளும் இதையெல்லாம் போடாதுன்னு முடிக்கிறாங்க. சொன்ன கதையே அதுக்கு எதிர்சாட்சி, அது அவங்க காதுல விழல.

இன்னொண்ணு. கான்ஸ்பிரசி தியரி, அதாவது சதிக் கோட்பாடுங்கற வார்த்தையையே சி.ஐ.ஏ தான் 1967ல கண்டுபிடிச்சுச்சுன்னு நூறு தடவ கேட்டிருப்ப. அந்த 1967 ஆவணம் நிஜம், 1035-960ன்னு நம்பர் போட்டது, கென்னடி கொலை விசாரணை அறிக்கைய விமர்சிக்கிறவங்களுக்கு எப்படி பதில் குடுக்குறதுன்னு ஆளுங்களுக்கு அனுப்பினது. நான் உக்காந்து வரிவரியாப் படிச்சேன். வார்த்தைய கண்டுபிடிச்சதா ஒரு இடத்துலயும் இல்ல, அந்த வார்த்தை அதுக்கு ரொம்ப முன்னாடியே புழக்கத்துல இருந்தது, தத்துவவாதி கார்ல் பாப்பர் அதப் பத்தி தனியாவே எழுதியிருக்கார். ஆனா அந்தக் காகிதத்துல உள்ளது என்ன தெரியுமா, புத்தக விமர்சனமும் கட்டுரையும் எழுத வெச்சு அந்த விமர்சகர்கள மட்டம் தட்டுங்கன்னு ஒரு உளவுத்துறை சொல்லுது. இது போதாதா? இதுவே எவ்வளவு பெரிய அநியாயம்! இல்லாத ஒண்ண ஏத்திச் சொல்லப் போய், இருக்குறதையும் நம்பாம போற நெலமைக்குக் கொண்டாந்து விட்டுட்டாங்க. எனக்கு அதுதான் ஆத்தாமை.


வெண்ணிலா:

இரவுக்காது அண்ணா, கேசட் ஐயா சொன்னது முழுக்க சரி, நான் பணத்துப் பக்கம் மட்டும் பேசுறேன். எனக்கு வேலை ஆடிட்ல. இந்த கூட்டத்தோட தாரக மந்திரமே பணம் எங்கேருந்து வருதுன்னு பாருங்கறதுதான், எனக்கும் அது ரொம்பப் பிடிச்ச வார்த்தை. ஆனா அத ஒரு பக்கம்தான் பாக்குறாங்க.

9/11 அன்னிக்கு விமானம் மோதாமலே சாயங்காலம் விழுந்த ஏழாவது உலக வர்த்தக மைய கட்டடம் தீயாலதான் விழுந்துச்சுன்னு 2008ல அமெரிக்க அரசோட தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் அறிக்கை குடுத்துச்சு. உடனே அது அரசு நிறுவனம், அரசு பணம், தள்ளு குப்பையிலன்னாங்க. சரி. தீயால விழலன்னு அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக பேராசிரியர் ஒருத்தர் 2020ல முடிச்ச ஆய்வு இருக்கு, அதுக்குப் பணம் குடுத்தது தீயால விழலன்னு வருஷக்கணக்கா பிரச்சாரம் பண்ணிட்டு இருந்த ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர்கள் அமைப்பு. அத மட்டும் எல்லா சேனல்லயும் சுதந்திரமான ஆய்வுன்னு சொல்றாங்க. நான் அந்த ஆய்வு பொய்னு சொல்லல. பணம் குடுத்தவர் யாருன்னு பாத்து ஒண்ண தள்ளுறீங்கன்னா, அதே தராசுல இன்னொண்ணையும் வெக்கணும்ல. தான் பிடிச்ச முயலுக்கு மட்டும் மூணு கால்னா எப்படி?

இன்ஃபோவார்ஸ்ங்கற சதிக்கதை நிகழ்ச்சியால பேர் வாங்குன அலெக்ஸ் ஜோன்ஸ எடுத்துக்கங்க. உலகத்துல யார் யார்கிட்ட பணம் வாங்குறான்னு மணிக்கணக்கா பேசுற ஆளு, இடையில தன்னோட விட்டமின் மாத்திரை, தண்ணி பில்டர், அவசரகால சாப்பாட்டு டப்பா எல்லாத்தையும் விப்பார். பயம் ஏற ஏற டப்பா விக்கும். 2022ல டெக்சாஸ் கோர்ட்ல, இவருக்கும் கம்பெனிக்கும் சேத்து 135 மில்லியன்லருந்து 270 மில்லியன் டாலர் வரைக்கும் மதிப்பு இருக்கும்னு ஒரு பொருளாதார நிபுணர் சாட்சி சொன்னார். பில் கேட்ஸ் கணக்க விரல் விட்டு எண்ணுறவங்க யாரும் இந்தக் கணக்க எண்ணிப் பாத்த மாதிரி தெரியல.

இன்னும் கிட்டத்துல 2024 செப்டம்பர்ல அமெரிக்க நீதித்துறை ஒரு குற்றப்பத்திரிகை போட்டுச்சு. ரஷ்ய அரசு டிவி ஆர்டி ஊழியர்கள் ரெண்டு பேர், கிட்டத்தட்ட 10 மில்லியன் டாலர டென்னசில இருக்குற ஒரு வீடியோ கம்பெனிக்குள்ள விட்டதா அதுல இருக்கு. இல்லாத ஒரு முதலீட்டாளருக்கு பயோடேட்டா எல்லாம் தயார் பண்ணிக் குடுத்திருக்காங்க. வாரம் ஒரு வீடியோன்னு மாசம் நாலுக்கு 4 லட்சம் டாலர் ஒருத்தருக்கு ஒப்பந்தம்! அதுல பேசுன பெரிய பேச்சாளர்கள் எங்களுக்கு எதுவும் தெரியாது, நாங்களும் ஏமாந்தோம்னு சொல்லிட்டாங்க, குற்றப்பத்திரிகைலயும் அவங்க மேல குத்தம் சாட்டல. அத நானும் நம்புறேன். ஆனா எனக்கு சின்ன கம்பெனி ஒண்ணு சந்தை விலைக்கு மேல பத்து பர்சன்ட் கூடக் குடுத்தாலே ஏன்னு கேட்டு பேப்பர் வாங்காம கையெழுத்து போட மாட்டேன். ஊர்ல உள்ள எல்லா வவுச்சரையும் கிளறுறவங்க தன் பேர்ல வந்த வவுச்சர திருப்பிக்கூட பாக்கலங்கறதுதான் எனக்கு வலிக்குது, ஏன்னா இவங்கள நான் நம்பிக் கேட்டிருக்கேன்.


ஏழாம்_கட்டடம்:

எல்லாரும் பேசுறதப் படிச்சேன். நான் இந்தத் தலைப்புல 14 வருஷமா இருக்கேன், பேரப் பாத்தாலே தெரியும். என் வருத்தத்தையும் கேளுங்க.

நீங்க சொல்ற ஓட்டையெல்லாம் இருக்கு. ஆனா எங்கள வெச்சு நடக்குற வழக்கம் என்னன்னா, நான் ஒரு கேள்வி கேட்டா உடனே உலகம் தட்டைன்னு சொல்றவனோட என்னைய ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுடுவாங்க. 2008 ஆகஸ்ட்ல நிஸ்ட் போட்ட வரைவு அறிக்கைல, ஏழாவது கட்டடம் கீழ தாங்க எதுவுமே இல்லாத மாதிரி தடையில்லாம விழுற வேகத்துல விழவே இல்லன்னு நின்னாங்க. டேவிட் சாண்ட்லர்னு ஒரு பள்ளிக்கூட இயற்பியல் ஆசிரியர், சாதாரண டிவி வீடியோவ பிரேம் பிரேமா அளந்து, இல்ல சார் விழுந்திருக்குன்னு அவங்க கூட்டத்துலயே கேள்வி எழுப்பினார். நவம்பர்ல இறுதி அறிக்கை வந்தப்ப, ஆமா 2.25 செகண்ட் தடையில்லாத வேகத்துலதான் விழுந்துச்சுன்னு சேத்தாங்க. ஒரு வாத்தியார் கேட்டு ஒரு அரசாங்க அறிக்கை திருந்துச்சு! அத எந்த மெயின்ஸ்ட்ரீம் சேனலாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

படிச்சவங்க பக்கமும் ஒண்ணு சொல்றேன். 2012ல கென்ட் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு, இளவரசி டயானாவ கொன்னுட்டாங்கன்னு நம்புறவங்களே டயானா சாகல, நாடகம்னும் நம்புறாங்கன்னு போட்டாங்க. எங்கள மட்டம் தட்ட பத்து வருஷமா எல்லாரும் அதத்தான் எடுத்து வீசினாங்க. 2023ல வேற ஆய்வாளர்கள் திரும்பப் போட்டுப் பாத்தா, அந்தக் கணக்கு அப்படி வந்ததே ரெண்டையும் நம்பாதவங்க அதிகமா இருந்ததால, இதுக்கும் இல்ல அதுக்கும் இல்லன்னு சொன்னவங்கதான் ரெண்டு பதிலையும் ஒண்ணாச் சேத்து இழுத்திருக்காங்க. ரெண்டையும் சேத்து நம்புற ஆளுங்க பேருக்குத்தான் இருந்தாங்க. அப்ப பிளைண்ட் ஸ்பாட் யாருக்கு? எங்களப் பத்தி எது சொன்னாலும் நம்பிடுற ஓப்பன் மைண்ட் அவங்களுக்கும் இருக்கு.

சார்லிக்கு நடந்தது கேவலம். அத நான் அப்பவே கண்டிச்சிருக்கணும், கண்டிக்கல.


தெக்கத்திக்காரன்:

ஏழாம்_கட்டடம் ப்ரோ, கோபம் நியாயம். அந்த 2023 விஷயம் எனக்குத் தெரியாது, பழைய ஆய்வ நானே ரெண்டு மூணு பேர்கிட்ட எடுத்து விட்டிருக்கேன், இனிமே சொல்ல மாட்டேன்.

ஆனா தட்டை உலகக்காரங்கள அவ்வளவு சீக்கிரம் ஒதுக்காதீங்க, ஏன்னா நம்ம எல்லார்கிட்டயும் இருக்குறது அவங்ககிட்ட பெருசாத் தெரியுது, அவ்வளவுதான். 2018ல வந்த ஒரு டாக்குமெண்டரில அவங்க 20,000 டாலர் குடுத்து சுழற்சிய அளக்குற லேசர் கைரோஸ்கோப் ஒண்ணு வாங்குறாங்க. பூமி சுத்துறது உண்மைன்னா அது மணிக்கு 15 டிகிரி நகரணும், சுத்தலைன்னா அசையக் கூடாது. கருவிய ஆன் பண்றாங்க. மணிக்கு 15 டிகிரி நகருது. அந்த எடத்துல அந்த மனுஷன் முகத்தப் பாக்கணும் நீங்க. நேர்மையா அளந்தாரு, வந்த நம்பர நேர்மையா வெளியவும் சொன்னாரு, ஆனா அத ஏத்துக்க நாங்க தயாரா இல்லன்னு சொல்லிட்டு, வானத்துலேருந்து ஏதோ சக்தி வந்து கருவியக் கெடுக்குதுன்னு அத பிஸ்மத்ங்கற உலோகத்தால மூடி வெச்சுப் பாக்க ஆரம்பிச்சாங்க. சோதனை பண்றவரைக்கும் ஓப்பன் மைண்ட், ரிசல்ட் வந்ததும் கதவு மூடிடுச்சு.

அதே கூட்டத்துல ஜெரன் கம்பனெல்லான்னு ஒருத்தர், தட்டை உலக வீடியோ போட்டே பேர் வாங்குனவர். 2024 டிசம்பர்ல கொலராடோ பாதிரியார் ஒருத்தர் ரெண்டு தரப்பையும் அண்டார்டிகா கூட்டிட்டுப் போனார். அங்க டிசம்பர்ல 24 மணி நேரமும் சூரியன் மறையாதுன்னு விஞ்ஞானம் சொல்லுது, தட்டை உலக வரைபடத்துல அது நடக்கவே முடியாது. பனி மேல ஆளு நிக்குறார், சூரியன் தலைய சுத்தி ஒரு வட்டம் போடுது, மறையல. ஜெரன் கேமரா முன்னாடியே, வாழ்க்கைல சில நேரம் நம்ம நினைப்பு தப்பாயிடும், சூரியன் சுத்தி வராதுன்னு நினைச்சேன், வருதுன்னு சொன்னார். சார்லிக்கு விழுந்த அதே கல்லுதான் இவருக்கும், காசு வாங்கிட்டான், செட்டு போட்டு எடுத்துட்டாங்கன்னு.

நான் அவர் வீடியோவ திரும்பத் திரும்பப் பாத்தேன். அவரு மொத்தத்தையும் விட்டுட்டேன்னு சொல்லல, இந்த ஒரு விஷயத்துல நான் சொன்னது தப்புன்னு மட்டும் சொன்னார். இரவுக்காது அண்ணே, நீங்க கேட்ட வழி அதுதானோன்னு எனக்குத் தோணுது. போறதுக்கு முன்னாடியே, சூரியன் மறையலைன்னா நான் தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போனார். பாத்துட்டு வந்து பேச்ச மாத்த வழி வெச்சுக்கல.


மலர்விழி_1ஆம்_வகுப்பு:

நான் அதிகம் எழுத மாட்டேன், ஆனா இத எழுதியே ஆகணும். நான் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். எங்க அண்ணன் 2012லருந்து 2019 வரைக்கும் இந்த வீடியோக்குள்ளயே இருந்தார்.

2012 டிசம்பர் 14 அமெரிக்கால சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க, குழந்தைங்க எல்லாம் ஆறு ஏழு வயசு. அது நாடகம், அழுறவங்க நடிகர்கள்னு அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே என்கிட்ட சொன்னார். அந்த வயசுப் பிள்ளைங்க முப்பது பேருக்கு அன்னிக்கு காலைல ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன் நான். சோத்துல கைய வெச்சபடியே உக்காந்துட்டேன்.

செத்துப்போன ஆறு வயசுப் பையன் ஒருத்தனோட அப்பா, அவரே முன்னாடி அலெக்ஸ் ஜோன்ஸ் நிகழ்ச்சிய கேட்டவர்தான். அதனால இவங்களுக்கு ஆதாரம் குடுத்தா புரிஞ்சுக்குவாங்கன்னு நம்பி மகனோட இறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட ரிப்போர்ட்னு வெளிய போட்டார். எல்லாம் போலின்னு சொல்லிட்டாங்க. கொலை மிரட்டல் வந்து வீடு மாத்தி வீடு மாத்தி ஓடினார். அது நாடகம்னு பரப்புனதுக்காக 2022ல கனெக்டிகட் கோர்ட்ல அந்தக் குடும்பங்களுக்கு ஜோன்ஸ் 965 மில்லியன் டாலர் தரணும்னு ஜூரி சொன்னப்ப எல்லாரும் தொகையத்தான் பேசினாங்க. அதே வருஷம் வேற வழக்குல அவரே, அது நூத்துக்கு நூறு உண்மையா நடந்ததுதான்னு சாட்சிக் கூண்டுல ஒத்துக்கிட்டார். பத்து வருஷம் கழிச்சு.

அண்ணன் எப்படி வெளிய வந்தார்னா, அவர்கிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருந்துச்சு. யார் என்ன முன்கூட்டியே சொன்னாங்கன்னு தேதி போட்டு அழகா எழுதி வெச்சிருப்பார், எல்லாம் பலிக்கிறப்ப எனக்குக் காட்டணும்னு. டாலர் விழுந்துடும்னு ஒரு தேதி, பேங்கெல்லாம் மூடிடும்னு ஒரு தேதி, 2017 அக்டோபர் 30 ஹிலரி கிளிண்டன் கைதுன்னு ஒரு வரி. ஒருநாள் கரண்ட் இல்ல, நான் டார்ச் புடிச்சுக்கிட்டு, அண்ணா நீயே டிக் போடு, நான் பேசவே மாட்டேன்னேன். சிவப்பு பேனாவ எடுத்தார். முதல் பக்கத்துல நடக்காததுக்கெல்லாம் தேதி மாத்திட்டாங்கன்னு பக்கத்துல எழுதினார். மூணாம் பக்கத்துலருந்து எழுதறத நிறுத்திட்டு வெறும் பெருக்கல் குறி போட்டார். ஏழாம் பக்கத்துல பேனாவ மூடி பையில வெச்சுட்டு, டார்ச்ச அணை, பேட்டரி போயிடும்னார்.

நான் ஜெயிச்சுட்டேன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் திரும்ப அதுக்குள்ளேயே போயிருப்பார். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலைல பழைய கிரிக்கெட் டீமோட ஆடப் போக ஆரம்பிச்சார். சார்லி வீச் பத்தி நானும் படிச்சிருக்கேன், அவருக்கு அந்தக் கூட்டத்த விட்டா இன்னொரு கூட்டம் ஏத்துக்க இருந்துச்சாம், அதனாலதான் துணிஞ்சு பேச முடிஞ்சதுன்னு சொல்றாங்க. எங்க அண்ணனுக்கு அந்த கிரிக்கெட் டீம். ஏழாம்_கட்டடம் அண்ணா, நீங்க எங்க அண்ணன் மாதிரின்னு நான் சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க.


ஏழாம்_கட்டடம்:

தப்பா எடுத்துக்கலம்மா. நோட்டு விஷயத்த ரெண்டு தடவ படிச்சேன்.

தெக்கத்திக்காரன் சொன்ன மாதிரி முன்கூட்டியே எழுதி வெச்சுடுறேன். நான் ஏழாவது கட்டடத்துல வெடி வெச்சாங்கன்னு நினைக்கிறவன். அப்படி வெச்சிருந்தா அரை மைலுக்கு அப்பாலயும் 130, 140 டெசிபல் சத்தம் கேட்டிருக்கணும், எந்த வீடியோலயும் அது பதிவாகலன்னு நிஸ்ட் சொல்லுது. இத 14 வருஷமா நான் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கேன், நேர் பதில் என்கிட்ட இல்ல. சத்தமில்லாத வெடிக்கு யாரும் உருப்படியா ஒரு விளக்கம் காட்டலைன்னா அந்தப் பகுதிய நான் விட்டுடுறேன். அதே மாதிரி, விழறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே கட்டடம் விழுந்துடுச்சுன்னு பிபிசி எப்படிச் சொல்லுச்சுங்கறதும் என்னோட பெரிய ஆதாரம், அதுக்கு ஒழுங்கா பதில் இருக்கா?


வெண்ணிலா:

இருக்குங்க அண்ணா. உள்ளூர் செய்தி ஒண்ணுலருந்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தப்பா எடுத்து அனுப்பிட்டு, கட்டடம் நிக்குதுன்னு தெரிஞ்சதும் வாபஸ் வாங்கினோம்னு ராய்ட்டர்ஸே பின்னாடி சொல்லியிருக்காங்க. தீயணைப்பு ஆளுங்க மத்தியானத்துலருந்தே அது விழப்போகுதுன்னு சுத்துவட்டாரத்த காலி பண்ணிட்டு இருந்தாங்க, சாயங்காலம் 5.20க்குத்தான் விழுந்துச்சு. விழப்போகுதுங்கறது வாய் மாறி விழுந்துடுச்சுன்னு ஆகறதுக்கு அன்னிக்கு இருந்த குழப்பமே போதும்னு எனக்குப் படுது. நீங்களும் படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.


இரவுக்காது:

எல்லாருக்கும் நன்றி. மலர்விழி டீச்சர், உங்க அண்ணனக் கேட்டதா சொல்லுங்க.

நேத்து ராத்திரி சார்லியோட அந்த வீடியோவத் தேடி எடுத்து கடைசி வரைக்கும் பாத்தேன். டிஸ்லைக்க எடுத்துட்டேன். ஏழாம்_கட்டடம் ப்ரோ, நிஸ்ட் இறுதி அறிக்கைய நான் ஒருநாளும் தொறந்ததில்ல, அதப் பத்தி மத்தவங்க பேசினத மட்டும்தான் கேட்டிருக்கேன். அந்த 2.25 செகண்ட் வர்ற பக்கத்தையும் டெசிபல் வர்ற பக்கத்தையும் நீங்க எடுத்துப் போடுங்க, அலாஸ்கா ஆய்வோட பிடிஎஃப்ப நான் போடுறேன். கேசட் ஐயா சொன்ன மாதிரி நீங்க அலாஸ்காவ கீழேருந்து மேல படிங்க, நான் நிஸ்ட்ட அப்படிப் படிக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு இங்கயே வந்து எழுதுவோம்.